எண் பெட்டியில் தவறான மதிப்பு நுழைகிறதா? விண்டோஸ் ஃபார்ம்ஸில் அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

பில், சம்பளம், ஸ்டாக் என்று எந்த ஃபார்மை எடுத்தாலும் நாலைந்து எண் பெட்டிகள் இருக்கும். பெயர்ப் பெட்டியில் விழும் பிழை உடனே கண்ணில் படும். எண் பெட்டியில் விழும் பிழையோ மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் வெளியே வரும். அதற்குள் அந்தத் தவறான எண் பத்து அறிக்கைகளில் ஏறியிருக்கும். அதனால் இந்தச் சோதனையில் கறாராக இருப்பதே நல்லது.

கீழே உள்ளவை சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதும் செயலிகளுக்கானவை. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-க்கும் புதிய டாட்நெட் பதிப்புகளுக்கும் நடத்தை மாறும் இடங்களில் அதைக் குறித்திருக்கிறது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்று. விசையை அழுத்தும்போதே எழுத்தைத் தடுப்பது பயனருக்குச் செய்யும் உதவி மட்டுமே. பெட்டியில் இருக்கும் முழு உரையையும் எடுத்து எண்ணாக மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் கோளாறுகளே அதிகம்.

தவறாக எழுதினாலும் பிழைச் செய்தி இல்லை; 0 பதிவாகிவிடுகிறது

இன்ட்.ட்ரைபார்ஸ் அல்லது டெசிமல்.ட்ரைபார்ஸ் அழைத்திருப்பீர்கள்; அது திருப்பித் தரும் உண்மை/பொய் மதிப்பைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மாற்ற முடியாத உரை வந்தால் ட்ரைபார்ஸ் பொய் என்று சொல்லிவிட்டு, அவுட் மாறியில் (விடையை வாங்கிக்கொள்ளும் மாறி) 0 வைத்துவிடும். அந்த 0 நேராக டேட்டாபேஸுக்குப் போகிறது. கன்வெர்ட்.டுஇன்ட்32 பயன்படுத்தியிருந்தாலும் இதே விபத்து வேறு வழியில் நடக்கும்: நல் (மதிப்பே இல்லை என்ற குறி) கொடுத்தால் அது சத்தமில்லாமல் 0 தரும், காலி உரை கொடுத்தால் ஃபார்மட்எக்ஸெப்ஷன் எறியும். அந்த எக்ஸெப்ஷனை வெறும் கேட்ச் போட்டு விழுங்கியிருந்தால் விளைவு அதே 0.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இஃப் எழுதாமல், உரையை வாங்கி முடிவைச் சொல்லும் ஒரே ஃபங்ஷனை வையுங்கள். அதன் முடிவு நான்கில் ஒன்றாக இருக்கட்டும்: காலி, எண் அல்ல, வரம்புக்கு வெளியே, சரி. சரி, தவறு என்று இரண்டே முடிவு வைத்தால் போதாது. தள்ளுபடிப் பெட்டி காலியாக இருக்கலாம். அளவுப் பெட்டி காலியாக இருக்கக்கூடாது. காலிக்கும் 0-க்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஃபங்ஷன் தொலைத்துவிட்டால் பிறகு எங்கும் மீட்க முடியாது.

ஃபங்ஷனுக்குள் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. உரையை ட்ரிம் செய்யுங்கள் (இரு ஓரத்து இடைவெளிகளை நீக்குங்கள்). இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும் பிரியா இடைவெளியையும் (யூனிகோடு எண் 160) ட்ரிம் நீக்கிவிடும். ட்ரிம் செய்யாமல் விட்டால் ட்ரைபார்ஸ் அதை இடைவெளியாக ஏற்காது. அகலமில்லா இடைவெளி (8203) ட்ரிம்முக்குச் சிக்காது. அதை ரீப்ளேஸ் கொண்டு தனியாக எடுத்துவிடுங்கள். "கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எண் அல்ல என்கிறது" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.
2. காலியா என்று பாருங்கள். காலி என்றால் அங்கேயே திரும்புங்கள்.
3. நம்பர்ஸ்டைல்ஸ் (எந்தெந்தக் குறிகளை ஏற்கலாம்), கல்ச்சர் (எந்த நாட்டு எண் வழக்கம்) இரண்டையும் வெளிப்படையாகக் கொடுத்து டெசிமல்.ட்ரைபார்ஸ் செய்யுங்கள். ஏன் வெளிப்படையாக என்பது கீழே வருகிறது.
4. தசம இடங்களை எண்ணுங்கள். மதிப்பை 2 இடத்துக்கு ரவுண்டு செய்து, பழைய மதிப்போடு ஒப்பிட்டு, வேறுபட்டால் நிராகரியுங்கள். நீங்களாகச் சுருக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.
5. கீழ், மேல் வரம்பைப் பாருங்கள். இந்த வரம்பு டேட்டாபேஸ் நெடுவரிசைக்குப் பொருந்த வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் டெசிமல்(5,2) என்றால் அதிகபட்சம் 999.99. பெட்டி 1000-ஐ ஏற்றால் சேவ் செய்யும்போது அரித்மெட்டிக் ஓவர்ஃப்ளோ பிழை வரும்.

செய்தியிலும் எண்ணைச் சொல்லுங்கள். "தவறான உள்ளீடு" என்பதை வைத்துப் பயனரால் எதையும் திருத்த முடியாது. "அளவு 1 முதல் 500 வரை இருக்கலாம், இங்கே இருப்பது 5000" என்றால் ஒரு சைபர் கூடிவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

எழுத்துகளைத் தடுத்தாயிற்று; ஆனாலும் உள்ளே நுழைகின்றன

விசையை அழுத்தும்போது எழும் கீபிரஸ் ஈவென்டில் "இலக்கம் இல்லையென்றால் ஹேண்டில்டு = ட்ரூ" (அந்த எழுத்தை ஏற்காதே) என்று எழுதியிருக்கும் கோட் இது. இதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ஓட்டைகள் இருக்கின்றன.

பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்பதுதான் முதலில் வரும் புகார். பேக்ஸ்பேஸும் கீபிரஸ் வழியாக எண் 8 கொண்ட எழுத்தாக வருகிறது. கன்ட்ரோல்+வி 22 ஆகவும், கன்ட்ரோல்+சி 3 ஆகவும் வரும். சார்.இஸ்கன்ட்ரோல் உண்மை என்றால் விட்டுவிடுங்கள். டெலிட் விசைக்குக் கீபிரஸ் வராது, அதனால் அது பாதிக்கப்படாது.

பேஸ்ட் அடுத்தது. கன்ட்ரோல்+வியைத் தடுத்தாலும், வலது க்ளிக் மெனுவில் பேஸ்ட் கொடுத்தால் கீபிரஸ் எழவே எழாது. விண்டோஸின் எடிட் கன்ட்ரோலுக்கே உள்ள 'எண் மட்டும்' ஸ்டைலை (8192) போட்டாலும் இதே கதைதான். பேஸ்ட் வழியாக எழுத்து நுழைய முடியும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது. பேஸ்டை முழுக்க அடைத்துவிடுவது தவறான தீர்வு. எக்ஸெலிலிருந்து தொகையை எடுத்து ஒட்டுவது பயனரின் அன்றாட வேலை. அதைத் தடுத்தால் பார்த்துப் பார்த்துக் கையால் அடிப்பார், புதுப் பிழைகள் வரும். டெக்ஸ்ட்பாக்ஸிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, வின்ட்புரோக்கை (விண்டோஸ் அனுப்பும் செய்திகளை வாங்கும் ஃபங்ஷன்) ஓவர்ரைடு செய்து, 770 என்ற எண்ணுள்ள செய்தி (பேஸ்ட் செய்தி) வரும்போது கிளிப்போர்டு உரையை வாங்கிச் சுத்தம் செய்து, செலக்டட்டெக்ஸ்டில் வையுங்கள். ரூபாய்க் குறி, ஓரத்து இடைவெளி, டேப் ஆகியவற்றை நீக்கலாம். எழுத்துகளை நீக்கி மிச்ச இலக்கங்களை மட்டும் ஒட்டாதீர்கள்: "12 அல்லது 15" என்பது 1215 ஆகிவிடும். அப்படிப்பட்ட உரையை அப்படியே விட்டு, முழு உரைச் சோதனை பிடிக்கட்டும்.

மூன்றாவது, தசமப் புள்ளி. "ஏற்கெனவே புள்ளி இருந்தால் இன்னொன்று வேண்டாம்" என்ற நிபந்தனை சரியாகத்தான் தோன்றும். பயனர் 12.50 முழுவதையும் தேர்ந்தெடுத்து .75 என்று அடிக்க முயன்றால் புள்ளி விழாது, 75 ஆகிவிடும். தேர்ந்தெடுத்த பகுதி அழியப்போகிறது என்பதை அந்த நிபந்தனை பார்க்கவில்லை. எழுத்தைத் தனியாகப் பார்க்காமல், அது விழுந்த பின் உரை எப்படி இருக்கும் என்று பாருங்கள்: இப்போதைய உரையில் செலக்ஷன்ஸ்டார்ட் இடத்திலிருந்து செலக்ஷன்லெங்த் அளவு நீக்கி, அதே இடத்தில் கீசாரை (அழுத்திய எழுத்தை) செருகிய உரையைச் சோதியுங்கள். அந்தச் சோதனை "-", ".", "-.", "5." போன்ற பாதி நிலைகளை அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் -5 அடிக்க வருபவர் முதல் விசையிலேயே நின்றுவிடுவார்.

கீடவுனில் டி0 முதல் டி9 வரை என்று விசைப் பெயரை வைத்துச் சோதிப்பது இன்னும் மோசம். ஷிஃப்டோடு டி4 அழுத்தினால் டாலர் குறி வரும்; நம்பேட் விசைகளுக்குப் பெயரே வேறு; பிரெஞ்சு விசைப்பலகையில் மேல் வரிசை இலக்கங்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். விசையைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

௧௨ என்று அடித்தால் பெட்டி ஏற்கிறது. சேவ் செய்தால் "எண் அல்ல" என்கிறது

தமிழ் விசைப்பலகை புழங்கும் அலுவலகங்களில் இது உண்மையாகவே வரும். சார்.இஸ்டிஜிட் யூனிகோடில் தசம இலக்கமாக வகைப்படுத்திய எதையும் உண்மை என்கிறது. தமிழ் ௦ முதல் ௯ வரை (3046–3055) அதில் சேரும். தேவநாகரி, அரபி இலக்கங்களும் சேரும். ட்ரைபார்ஸ் ஏற்பதோ 0–9 மட்டும். ரெஜெக்ஸில் இலக்கத்துக்கான சுருக்கக் குறியும் தமிழ் இலக்கங்களைப் பிடிக்கும். இஸிஎம்ஏஸ்கிரிப்ட் ஆப்ஷன் கொடுத்தால்தான் 0–9 என்று சுருங்கும்.

தமிழ் இலக்கம் வேண்டாம் என்றால் '0'-க்கும் '9'-க்கும் இடையில் இருக்கிறதா என்று நேராக ஒப்பிடுங்கள். டாட்நெட் 7 முதல் சார்.இஸ்ஆஸ்கிடிஜிட் இருக்கிறது. சார்.இஸ்நம்பர் பக்கமே போகாதீர்கள். அது ½-ஐயும் எண் என்று சொல்லும்.

தமிழ் இலக்கத்தை ஏற்கலாம் என்று முடிவெடுத்தால் (ஏற்பது பயனருக்கு நல்லதுதான்), மாற்றும் ஃபங்ஷனின் முதல் படியிலேயே ஒவ்வொன்றிலிருந்தும் 3046-ஐக் கழித்து 0–9 ஆக்கிவிடுங்கள். ௰, ௱, ௲ மூன்றையும் மட்டும் இப்படி மாற்றக்கூடாது. அவை பத்து, நூறு, ஆயிரம் என்ற தொகைக் குறிகள், இட மதிப்பு இலக்கங்கள் அல்ல. யூனிகோடும் அவற்றை வேறு வகையில்தான் வைத்திருக்கிறது. இஸ்டிஜிட் அவற்றுக்குப் பொய் என்று சொல்லும். பழைய முறையில் பன்னிரண்டு ௰௨. அதை இலக்கம் இலக்கமாக மாற்றப் போனால் தவறான எண் கிடைக்கும், நிராகரிப்பதே சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸின் ரீஜன் அமைப்பில் உள்ளூர் இலக்க வடிவம் தேர்ந்தெடுத்திருந்தால், உரையில் சாதாரண 12 இருக்கும்போதே திரை வேறு வடிவில் காட்டலாம். அப்போது பிழை உங்கள் கோடில் இல்லை. உரையின் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோடு எண்ணையும் லாக் செய்து பார்த்தால் 48 முதல் 57 வரை இருக்கும். அதோடு தேடலை நிறுத்திவிடலாம்.

1,5 கொடுத்தால் 15 ஆகிறது

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். எக்ஸெப்ஷன் வராது, ட்ரைபார்ஸ் உண்மை என்றே சொல்லும், மதிப்பு மட்டும் பத்து மடங்கு.

டெசிமல்.ட்ரைபார்ஸுக்கு உரையை மட்டும் கொடுத்தால் அது எடுத்துக்கொள்ளும் ஸ்டைலில் ஆயிரப் பிரிப்பான் அனுமதி உண்டு. அந்தப் பிரிப்பான் எந்த இடத்தில் வருகிறது என்பதை டாட்நெட் பார்ப்பதில்லை. ஆங்கில (இந்தியா) அமைப்பில் கமா ஆயிரப் பிரிப்பான். எனவே 1,5 என்பது 15, 1,2,3,4 என்பது 1234. ஜெர்மன் அமைப்பில் புள்ளிதான் பிரிப்பான், அங்கே 1.5 அடித்தால் 15. சென்னையில் சரியாக ஓடிய செயலி ஜெர்மனி வாடிக்கையாளரிடம் எடையைப் பத்து மடங்கு காட்டுவது இப்படித்தான். ஒரே ஊரில் இரண்டு கணினிகளுக்கும் வித்தியாசம் வரலாம். கன்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியில் தசமக் குறியை யாராவது மாற்றியிருந்தால் கல்ச்சர்இன்ஃபோ.கரன்ட்கல்ச்சர் அதையே பின்பற்றும். செயலியின் 'பற்றி' திரையிலோ லாகிலோ நம்பர்டெசிமல்செபரேட்டர், நம்பர்குரூப்செபரேட்டர் இரண்டையும் அச்சிட்டு வைத்தால் தொலைபேசியிலேயே காரணம் கண்டுபிடித்துவிடலாம்.

பாதுகாப்பான வழி, ஸ்டைலில் முன்குறி அனுமதியையும் தசமப் புள்ளி அனுமதியையும் மட்டும் கொடுத்து, ஆயிரப் பிரிப்பான் அனுமதியை எடுத்துவிடுவது. அப்போது 1,5 நிராகரிக்கப்படும். இயல்பான ஸ்டைலில் பின்குறிக்கும் அனுமதி உண்டு, அதாவது "5-" என்பது -5 ஆகும். அதுவும் இதோடு போய்விடும்.

வங்கி அறிக்கையிலிருந்து 1,00,000 என்று ஒட்டுபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றால் கூடுதலாக ஒரு வேலை செய்ய வேண்டும். பிரிப்பானோடு மாற்றிய மதிப்பின் முழு எண் பகுதியை அதே கல்ச்சரில் மறுபடி உரையாக்கி, பயனர் தந்த முழு எண் பகுதியோடு ஒப்பிடுங்கள். தமிழ் (இந்தியா), ஆங்கிலம் (இந்தியா) இரண்டிலும் முதல் கூட்டம் மூன்று இலக்கம், அடுத்தவை இரண்டிரண்டு: 12,34,567. ஒத்துப்போனால் ஏற்கலாம்; பிரிப்பானே இல்லாத வடிவத்தையும் ஏற்கலாம்; மற்றதை நிராகரிக்கலாம். 1,5 இதில் தேறாது, 1,00,000 தேறும்.

டபுள்.ட்ரைபார்ஸ் பயன்படுத்தினால் இன்னும் சில சேரும். அடுக்குக் குறியான ஆங்கில 'இ' எழுத்து அதில் இயல்பாகவே அனுமதி. 1-க்கும் 400-க்கும் நடுவில் அந்த எழுத்தை வைத்துக் கொடுத்தால் டாட்நெட் ஃபிரேம்வொர்க் பொய் என்று சொல்லும்; டாட்நெட் கோர் 3.0 முதல் உண்மை என்று சொல்லி முடிவிலி மதிப்பைத் தரும். 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பின் மூன்றெழுத்துப் பெயரை அடித்தாலும் டபுள் ஏற்கும், அந்த மதிப்போடு எந்த வரம்பை ஒப்பிட்டாலும் விடை பொய். "100-ஐ விடப் பெரியதா? இல்லை. சரி, ஏற்றுக்கொள்" என்று உங்கள் நிபந்தனை வழிவிட்டுவிடும். பணத்துக்கும் அளவுக்கும் டெசிமல் போதும்.

சேமிக்கும்போது எண்ணை உரையாக்கி எஸ்கியூஎல் வரியில் ஒட்டாதீர்கள். கமா தசமக் குறியாக உள்ள கணினியில் 1,5 என்பது இரண்டு மதிப்புகளாகப் பிரிந்து, நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிழை வரும். பாராமீட்டர் வழியாக டெசிமலாகவே அனுப்புங்கள். கோப்பில் எழுதும்போது எந்த நாட்டு அமைப்பையும் சாராத இன்வேரியன்ட்கல்ச்சரைக் கொடுங்கள்.

டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் செயலிகளுக்கான இன்னொரு திரை அமைப்பு முறை) எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே பைண்டிங் (பெட்டியை ஆப்ஜெக்டின் பண்போடு இணைப்பது) கரன்ட்கல்ச்சரைப் பார்ப்பதில்லை. லாங்குவேஜ் பண்பின் இயல்பு மதிப்பான அமெரிக்க ஆங்கிலத்தில்தான் மாற்றும். செயலி தொடங்கும்போது அந்தப் பண்பின் மெட்டாடேட்டாவை ஓவர்ரைடு செய்தால் சரியாகும். அங்கே அப்டேட்சோர்ஸ்டிரிகர் பிராப்பர்ட்டிசேஞ்ச்டு ஆக இருந்தால் டபுளோடு பைண்டு செய்த பெட்டியில் புள்ளி அடித்ததும் மறையும், லாஸ்ட்ஃபோகஸ் ஆக்கிவிடுங்கள்.

123 அடித்தால் 321 என்று வருகிறது

டெக்ஸ்ட்சேஞ்ச்டு ஈவென்டுக்குள் டெக்ஸ்ட் பண்பை மாற்றி எழுதுகிறீர்கள். எழுதியதும் கர்சர் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது, அடுத்த இலக்கம் முன்னால் விழுகிறது. அடிக்கும்போதே கமா போட்டு அழகாக்கும் ஆசைதான் பெரும்பாலும் காரணம். அந்த வேலையை வாலிடேட்டட் ஈவென்டுக்குத் தள்ளுங்கள்: பெட்டியை விட்டு வெளியே போகும்போது அழகாக்கினால் போதும்.

பெட்டியை விட்டு வெளியேற முடியவில்லை. கேன்சல் பட்டனும் வேலை செய்யவில்லை

பெட்டியை விட்டுப் போகும்போது எழும் வாலிடேட்டிங் ஈவென்டில் கேன்சல் = ட்ரூ கொடுத்திருக்கிறீர்கள். ஃபார்மின் ஆட்டோவாலிடேட் இயல்பாகவே ஃபோகஸைப் பிடித்து நிறுத்தும் நிலையில் இருக்கும். பயனர் ஃபார்மைத் தவறுதலாகத் திறந்திருந்தால் எதையாவது பொய்யாக நிரப்பித்தான் வெளியே வர முடியும். அந்தப் பொய் எண் எங்காவது சேவ் ஆகவும் கூடும்.

ஆட்டோவாலிடேட்டை எனேபிள்அலவ்ஃபோகஸ்சேஞ்ச் ஆக்குங்கள். அப்போது சோதனை நடக்கும், பிழைக் குறி வரும், ஆனால் பயனர் அடுத்த பெட்டிக்குப் போகலாம். சேவ் பட்டனில் முதல் வரியாக வாலிடேட்சில்ட்ரன் அழைத்து, பொய் வந்தால் அங்கேயே திரும்புங்கள். கேன்சல் பட்டனின் காஸஸ்வாலிடேஷன் பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். மேல் மூலையில் உள்ள மூடும் குறிக்குத் தனி ஏற்பாடு வேண்டும்: சோதனை தோற்றிருந்தால் ஃபார்ம்க்ளோசிங் ஈவென்ட் வரும்போதே அதன் கேன்சல் ட்ரூவாக இருக்கும். மாற்றங்களைக் கைவிட்டு மூட விடுவதென்றால் அங்கே அதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

பிழையைக் காட்ட மெசேஜ்பாக்ஸ் வேண்டாம், பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி காட்டும் எரர்புரொவைடர் போதும். வாலிடேட்டட் ஈவென்டில் செட்எரருக்குக் காலி உரை கொடுத்துக் குறியை அழிக்க மறந்தால், திருத்திய பிறகும் சிவப்புக் குறி நிற்கும். குறி தெரியவே இல்லை என்றால் பெட்டி ஃபார்மின் வலது ஓரத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். செட்ஐகன்அலைன்மென்ட் கொண்டு இடப்பக்கம் மாற்றலாம்.

பட்டனை அழுத்தினால் சோதிக்கிறது. டூல்பாரிலோ மெனுவிலோ சேவ் கொடுத்தால் சோதிக்காமல் சேமிக்கிறது

டூல்ஸ்ட்ரிப் பட்டன் ஃபோகஸை எடுத்துக்கொள்ளாது. கர்சர் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் வாலிடேட்டிங் எழாது. பைண்டிங் செய்திருந்தால் கடைசியாக அடித்த எண் ஆப்ஜெக்டுக்கும் போயிருக்காது. பயனர் 50 என்று மாற்றியிருப்பார், பழைய 40 சேவ் ஆகும். சேவ் வேலையின் தொடக்கத்தில் ஃபார்மின் வாலிடேட், பிறகு பைண்டிங்சோர்ஸின் எண்ட்எடிட், அதன் பிறகே சேமிப்பு. ஷார்ட்கட் விசைக்கும் இதே வரிசைதான்.

பைண்டிங் செய்த பெட்டியைக் காலியாக்கினால் டேப் நகர மறுக்கிறது

ஆப்ஜெக்டில் பண்பு இன்ட். காலி உரையை இன்டாக்க முடியவில்லை. பைண்டிங்கில் ஃபார்மட்டிங்எனேபிள்டு ஃபால்ஸ். அதனால் பிழையை உங்களிடம் சொல்லாமல் ஃபோகஸை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. ஃபார்மட்டிங்எனேபிள்டு ட்ரூ ஆக்கி, பைண்டிங்கம்ப்ளீட் ஈவென்டில் எரர்டெக்ஸ்டை வாங்கிக் காட்டுங்கள். காலி அனுமதி என்றால் பண்பை நல் ஏற்கும் இன்டாக மாற்றி, பைண்டிங்கின் நல்வேல்யூவுக்குக் காலி உரையும், டேட்டாசோர்ஸ்நல்வேல்யூவுக்கு நல்லும் கொடுங்கள்.

நியூமரிக்அப்டவுன் வைத்த பிறகும் எண் தவறுகிறது

மேல்-கீழ் அம்புக்குறியோடு வரும் இந்த எண் பெட்டி டெக்ஸ்ட்பாக்ஸைவிடப் பத்திரமானதுதான். ஆனால் இதன் பிழைகள் எல்லாம் சத்தமில்லாதவை.

அதிகபட்சம் இயல்பாக 100. பயனர் 250 அடித்து டேப் அழுத்தினால் எதுவும் சொல்லாமல் 100 ஆக்கிவிடும். டேட்டாபேஸிலிருந்து 250-ஐ நீங்கள் கோடில் வைத்தால் எக்ஸெப்ஷன். மேக்ஸிமத்தை ஒவ்வொன்றுக்கும் யோசித்து வையுங்கள்.

உரையை அழித்துவிட்டு வெளியேறினால் பெட்டி காலியாகத் தெரியும், வேல்யூவில் பழைய எண் அப்படியே இருக்கும். எனவே சேமிக்கும் முன் டெக்ஸ்ட் காலியா என்று தனியாகப் பாருங்கள்.

டெசிமல்பிளேசஸ் 2 என்பது காட்டுவதற்கு மட்டும். 2.567 அடித்தால் திரையில் 2.57, வேல்யூவில் 2.567. மேலே சொன்ன 1,5 கோளாறும் இதில் உண்டு.

மவுஸ் சக்கரம்: ஃபார்மை நகர்த்த நினைத்துச் சக்கரத்தை ஒரு படி உருட்டினால், விண்டோஸின் இயல்பான அமைப்பில் மதிப்பு மூன்று படி மாறும். 10 சத்தமில்லாமல் 13 ஆகிவிடும். மவுஸ்வீல் ஈவென்டில் ஆர்க்யுமென்டை ஹேண்டில்டுமவுஸ்ஈவென்ட்ஆர்க்ஸ் ஆக மாற்றி ஹேண்டில்டு = ட்ரூ கொடுங்கள். பண ஃபார்மில் இது கட்டாயம்.

திரையிலும் அறிக்கையிலும் ஒரு பைசா வித்தியாசம்

46.90-க்கு 5 சதவீத வரி 2.345. மேத்.ரவுண்டு 2 இடத்துக்குக் கேட்டால் 2.34 தரும், ஏனென்றால் சரிபாதியில் இரட்டை இலக்கத்துக்கு ஒதுங்குவது அதன் இயல்பு. அதே டெசிமலை இரண்டு தசம வடிவத்தில் டுஸ்ட்ரிங் செய்தால் 2.35. திரை ஒன்று சொல்லும், சேமித்தது வேறாக இருக்கும். மிட்பாயின்ட்ரவுண்டிங்.அவேஃப்ரம்ஜீரோ என்று வெளிப்படையாகக் கொடுத்து ஒரே இடத்தில் ரவுண்டு செய்து, அந்த மதிப்பையே காட்டவும் சேமிக்கவும் செய்யுங்கள்.

எடையை 0.1-இன் மடங்காக மட்டும் ஏற்க வேண்டும் என்று டபுளில் மீதி கண்டால், 0.3-ஐ 0.1-ஆல் வகுத்த மீதி 0.0999... என்று வரும், சரியான உள்ளீடு நிராகரிக்கப்படும். டெசிமலில் மீதி 0.

தொலைபேசி எண் பெரிது என்கிறது. அல்லது முன்னால் உள்ள 0 காணாமல் போகிறது

இன்ட் தாங்குவது 2,147,483,647 வரை. 6 முதல் 9-இல் தொடங்கும் பத்து இலக்க இந்தியக் கைபேசி எண் எதுவும் அதற்குள் அடங்காது. லாங் ஆக மாற்றுவது தீர்வல்ல. 07-இல் தொடங்கும் இலங்கை எண்ணை அப்போதும் இழப்பீர்கள். கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள்: அது இலக்கங்களால் ஆன உரை. நீளத்தையும் 0–9 மட்டும் இருக்கிறதா என்பதையும் சோதித்து ஸ்ட்ரிங்காகச் சேமியுங்கள். பின்கோடு 6, ஆதார் 12 இலக்கம். ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் வரும் சோதனை இலக்கம். ஒரு இலக்கம் மாறினாலும் அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும், எனவே அந்தக் கணக்கையும் போட்டுவிடுவது நல்லது. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண் 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் (வி அல்லது எக்ஸ்). புதியது 12 இலக்கம். 'எண் மட்டும்' என்று கட்டினால் பழைய அட்டைக்காரர் யாரும் பதிய முடியாது.

கிரிடில் அளவு நெடுவரிசைக்குப் போய் வந்த பிறகு பெயர் நெடுவரிசையிலும் எழுத்து விழவில்லை

டேட்டாகிரிட்வியூ (அட்டவணையாகக் காட்டும் கிரிட்) ஒரே டெக்ஸ்ட்பாக்ஸைப் பல நெடுவரிசைகளுக்கும் மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. எடிட்டிங்கன்ட்ரோல்ஷோயிங் ஈவென்டில் அளவுக்காக நீங்கள் மாட்டிய கீபிரஸ் கையாளி பெயருக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஈவென்டின் முதல் வரியில் கையாளியைக் கழற்றிவிட்டு, எண் நெடுவரிசை என்றால் மட்டும் மாட்டுங்கள். உண்மையான சோதனை செல்வாலிடேட்டிங் ஈவென்டில், ஃபார்மட்டட்வேல்யூவை மேலே சொன்ன அதே ஃபங்ஷனுக்குக் கொடுத்து நடக்கட்டும். கடைசியில் உள்ள புது வரிசையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் காலி வரியே பிழை காட்டும். வரிசையின் எரர்டெக்ஸ்டைச் செல்எண்ட்எடிட்டில் அழியுங்கள்.

திருத்திய பின் கொடுத்துப் பார்க்க வேண்டிய உள்ளீடுகள்

ஃபங்ஷன் உரையை மட்டும் வாங்குவதால் ஃபார்ம் திறக்காமலே யூனிட் டெஸ்டாக எழுதலாம். ஆங்கிலம் (இந்தியா) அமைப்பில் எதிர்பார்க்க வேண்டியவை:

காலி உரை, வெறும் இடைவெளி: 'காலி'.
"-", "+", ".", "½", "௰௨", "5-", "1,5", "12 அல்லது 15": 'எண் அல்ல'.
"5.", ".5", "007", "1,00,000": சரி, மதிப்பு முறையே 5, 0.5, 7, 100000. (கமாவை ஏற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தால் கடைசியானது 'எண் அல்ல'.)
"௧௨": நீங்கள் எடுத்த முடிவுப்படி 12 அல்லது 'எண் அல்ல'.
வால்பகுதியில் 160 அல்லது 8203 எண்ணுள்ள எழுத்து ஒட்டிய "12": 12.
"99999999999": 'வரம்புக்கு வெளியே'. இதற்கு 'எண் அல்ல' வந்தால் உள்ளே எங்கோ இன்ட்.ட்ரைபார்ஸ் மிச்சம் இருக்கிறது.

இதே பட்டியலை, "1.5"-ஐயும் சேர்த்து, கரன்ட்கல்ச்சரை ஜெர்மனுக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கே புள்ளி, கமா உள்ளவற்றின் விடை மாறலாம்: "1,5" என்பது 1.5 ஆகவும், "1.5" நிராகரிக்கப்பட்டும் வர வேண்டும், இரண்டில் எது 15 ஆனாலும் ஆயிரப் பிரிப்பான் அனுமதி இன்னும் எங்கோ திறந்திருக்கிறது.